பகிடியா, பகடியா? ஒரு சொல்லும் அது நிற்கும் இடமும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் தரம் 8 படிக்கும் ஒரு பிள்ளை, தன் தாத்தாவைப் பற்றிய கட்டுரையில் "தாத்தா எல்லாரோடும் பகிடி விடுவார்", அதாவது வேடிக்கையாகப் பேசுவார், என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியை 'பகிடி'யை வட்டமிட்டுப் பக்கத்தில் "கொச்சை" என்று குறித்துவிட்டார். பிள்ளையின் தாய் மூன்று விடயம் கேட்கிறார். தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளில் வரும் 'பகடி'தான் சரியான வடிவமா? நக்கல், நளினம் என்றெல்லாம் சொல்கிறோமே, அவற்றுக்கும் பகிடிக்கும் என்ன வேறுபாடு? இதே பொருளில் பழைய தமிழ்ச் சொல் ஏதும் உண்டா?

பிள்ளை எழுதியது சரி. சொல்லும் சரி, அதற்கு முன்னால் அவள் போட்ட வேற்றுமை உருபும் சரி. "எல்லாரோடும்" என்று எழுதியிருக்கிறாளே, அந்த 'ஓடு' சாதாரண விடயம் இல்லை. பகிடி என்ற சொல்லின் பொருளைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். அதை விளக்குவதற்கு முன் எழுத்துக்கூட்டலை முடித்துவிடுவோம்.

பகடி, பகிடி இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். இரண்டும் அகராதியில் ஏறியவை. கடைசியில் நிற்கும் 'டி'யின் இகரம் முன்னே இருந்த 'க'வையும் தன் பக்கம் இழுத்து 'கி' ஆக்கிவிட்டது. அடுத்தடுத்த எழுத்துகளின் உயிர் ஒன்றுபோல் ஆவது தமிழ்ப் பேச்சில் புதிது அல்ல. 'இருக்கு' என்பது எங்கள் பக்கத்தில் 'இரிக்கி' ஆவதும் இதே போக்குத்தான். எழுதும்போது 'பகிடி', சொல்லும்போது நடு எழுத்து கொஞ்சம் தளர்ந்து 'பஹிடி' போல ஒலிக்கும். அந்த ஒலியைப் பார்த்து 'ஹ' போட்டு எழுத வேண்டியதில்லை.

இரு நாட்டிலும் இந்தச் சொல் வேறு வேறு வழியில் போயிருக்கிறது. தமிழ்நாட்டில் அன்றாடப் பேச்சுக்குக் கிண்டல், கேலி, நக்கல் என்பவை போதும். அங்கே 'பகடி' பெரும்பாலும் இலக்கிய விமர்சனம் எழுதுகிறவர்களின் சொல். ஒரு படைப்பின் நடையையோ ஓர் அமைப்பின் பேச்சையோ போலச் செய்து எள்ளும் எழுத்தை அது குறிக்கிறது. இலங்கையிலோ பகிடி வீட்டுச் சொல். மட்டக்களப்பில், கல்முனையில், அக்கரைப்பற்றில், யாழ்ப்பாணத்தில், தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஆகவே ஒரு நாவலின் எள்ளல் நடையைப் பற்றி எழுதும்போது 'பகடி' என்றும், தாத்தா முற்றத்தில் இருந்து சொல்வதை எழுதும்போது 'பகிடி' என்றும் வைத்துக்கொள்வதே தெளிவு. தாத்தா பகடி செய்தார் என்று எழுதினால், அவர் ஏதோ நூலை விமர்சித்தார் என்று படிக்கிறவர் நினைக்க இடம் உண்டு.

'கொச்சை' என்ற முத்திரையை ஏற்க முடியாது. கொச்சை என்றால் ஒரு சொல்லின் வடிவம் பேச்சில் சிதைந்து போவது. மேலே சொன்ன 'இரிக்கி' அப்படிப்பட்டது. பகிடியின் ஒலியும் ஒருகாலத்தில் மாறியதுதான், ஆனால் அது பேச்சோடு நின்றுவிடாமல் அகராதியில் ஏறி நிலைத்த வடிவம். வேற்றுமை உருபு எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்கும்: பகிடியை, பகிடியால், பகிடிக்கு, பகிடியில். பல்கலைக்கழக அறிவித்தல்களும் பத்திரிகைச் செய்திகளும் 'ராகிங்'கைப் 'பகிடிவதை' என்றே எழுதுகின்றன. அதே பத்திரிகையைப் பார்த்து எழுத்துத் தமிழ் பழகச் சொல்லும் நாங்கள், பிள்ளை எழுதிய பகிடியை மட்டும் வெட்டுவது நியாயமில்லை.

ஒலி நெருங்கியிருப்பதால் குழம்பும் சொற்கள் இரண்டு உண்டு. 'பகடை' தாயக்கட்டை, அதற்கும் பகடிக்கும் தொடர்பு இல்லை. "என்னைப் பகடியாக உருட்டினார்கள்" என்று எழுதப்பட்டிருந்தால் அது 'பகடையாக' என்று இருக்க வேண்டும். 'மகிடி' எங்கள் மாவட்டத்துக் கூத்து ஒன்றின் பெயர். மந்திரப் போட்டியை நடித்துக் காட்டும் மகிடிக்கூத்தில் சிரிப்புக்குக் குறைவில்லை என்பதால், சில பிள்ளைகள் அதைப் 'பகிடிக்கூத்து' என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை.

இனி அந்த 'ஓடு'வுக்கு வருவோம்.

பகிடி இரண்டு வினைகளோடு சேரும். 'பகிடி விடுதல்' ஒன்று, 'பகிடி பண்ணுதல்' மற்றது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். "என்னோட பகிடி விடாதீங்க மச்சான்" என்போம். "என்னயப் பகிடி பண்ணாதீங்க" என்போம். முதலாவது 'ஓடு' ஏற்கிறது. மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருள் அது. தம்பியோடு போனேன், அக்காவோடு சாப்பிட்டேன் என்பதுபோல, இருவரும் சேர்ந்து செய்யும் காரியம். இரண்டாவது 'ஐ' ஏற்கிறது. அங்கே ஒருவர் செய்கிறவர், மற்றவர் செய்யப்படும் பொருள். மரத்தை வெட்டினான் என்பதில் மரம் எங்கே நிற்கிறதோ, அங்கே மற்றவர் நிற்கிறார். ஒரே பெயர்ச்சொல், உருபு மாறியதும் கூட்டாளி இலக்காகிவிட்டார். இலக்கணப் புத்தகம் படிக்காத ஆச்சிமாரும் இதைத் தவறவிடுவதில்லை. "அவன் பகிடி விடுறவன்" என்று சொல்லும்போது குரலில் ஒரு வாஞ்சை இருக்கும். "அவன் ஆக்களப் பகிடி பண்றவன்" என்று சொல்லும்போது அந்த வாஞ்சை இல்லை.

மற்றச் சேர்க்கைகளையும் பார்த்துவிடலாம். 'பகிடிக்காரன்', 'பகிடியான ஆள்' இரண்டும் பாராட்டு. 'பகிடியாப் போச்சு' என்றால் பாரதூரமான ஒன்று மதிப்பிழந்துவிட்டது என்று பொருள். அங்கே சிரிப்பு இல்லை, ஆதங்கம்தான். 'விசர்ப் பகிடி' பொருளற்றது, 'ஊத்தைப் பகிடி' ஆபாசமானது. 'பகிடிக்குச் சொன்னன்' என்பது சமாதானம். இதில் ஒரு நுட்பம் உண்டு. சொன்ன பிறகு, கேட்டவரின் முகம் மாறியதைக் கண்டு சொல்வது அது. முதலிலேயே "பகிடிக்குச் சொல்றன், கோவிக்கக்கூடாது" என்று தொடங்கினால் இரண்டு கெடுதி வரும். சிரிப்பு செத்துவிடும். வரப்போவது புண்படுத்தும் கதை என்று கேட்பவர் முன்கூட்டியே இறுகிவிடுவார். உண்மையில் அப்படித் தொடங்கும் கதைகளில் பெரும்பாலானவை பகிடியே இல்லை.

நக்கல் பக்கத்து வீட்டுச் சொல். நகு என்ற பழைய வினைக்கு இறந்தகாலம் 'நக்கான்', அதாவது சிரித்தான். நக்கல் என்பதை அந்த வேரோடு சேர்த்துப் பார்ப்பதே பொருந்தும். நாக்கால் நக்குவதோடு சேர்த்து இழிவாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைய வழக்கில் நக்கல் சிரிப்பு முழுவதும் சொல்பவர் பக்கம் நிற்கிறது. நக்கல் அடிக்கிறவர் ஒரு படி மேலே நின்று பேசுகிறார். நளினம் என்றால் தமிழ்நாட்டு வாசகர் நாட்டியத்தின் அழகை நினைப்பார். இலங்கையில் "நளினம் பண்ணாத" என்றால் நயமாகக் கேலி செய்யாதே என்று பொருள். சொற்கள் மென்மையாக, புகழ்வதுபோல இருக்கும், உள்ளே ஊசி இருக்கும். பழிப்புக் காட்டுதல் சொல்லால் அல்ல, முகத்தாலும் குரலாலும் செய்வது: ஒருவர் நடப்பதையும் பேசுவதையும் அப்படியே திருப்பிக் காட்டுவது. விண்ணாணம் தன் கெட்டித்தனத்தைக் காட்டுவதற்காகப் பேசுவது. அதில் சிரிப்பைவிட அலுப்பே மிஞ்சும். சேட்டை கடைசிப் படி. "சேட்டை விடாத" என்ற சொல் வந்துவிட்டால் பேச்சு பகிடியின் எல்லையைத் தாண்டிக் கைகலப்பின் எல்லைக்குப் போய்விட்டது என்று அறிய வேண்டும்.

இவற்றிலிருந்து பகிடியைப் பிரித்தறிய நான் சொல்வது ஒரே ஒரு சோதனை: கேட்டவரால் பதில் சொல்ல முடிகிறதா? பதிலுக்கு இடம் விட்டுச் சொன்னால் பகிடி. பதில் சொல்ல முடியாத இடத்தில் ஒருவரை நிறுத்திச் சொன்னால், எவ்வளவு சாதுரியமான சொல்லாக இருந்தாலும், அது நக்கல் அல்லது அதைவிடக் கெட்டது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களை நான்காக்குகிறது: "எள்ளல் இளமை பேதைமை மடன்". முதலில் நிற்கும் எள்ளலுக்கு உரை சொல்லும் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவதும் என இரண்டாகப் பிரிக்கிறார். இந்த இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எள்ளப்பட்டவரும் சிரிக்கிறார் என்பதை இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். "எல்லாரோடும் பகிடி விடுவார்" என்று அந்தப் பிள்ளை எழுதியதும் இதைத்தான்.

சரி, பதில் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? மட்டக்களப்பில் இதற்கு விடை உறவுமுறையில் இருக்கிறது. இங்கே குடி, அதாவது குலம், தாய்வழி வருகிறது. மாமன் பிள்ளையும் மாமி பிள்ளையும் கட்டிக்கொள்ளும் முறை. ஆகவே மச்சான்மாரும் மச்சாள்மாரும் ஒருவரோடு ஒருவர் பகிடி விடப் பிறந்ததிலிருந்தே உரிமை பெற்றவர்கள். மச்சானும் மச்சானும் பேசும்போது பகிடி இல்லாவிட்டால் ஏதோ மனத்தாங்கல் என்று வீட்டார் ஊகித்துவிடுவார்கள். தாத்தா, அம்மம்மாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இடையே தடை இல்லை. மாமனோடு அளவோடு விடலாம், தொடங்குவது அவராக இருப்பது நல்லது. மாமியோடு மருமகன் விடுவதில்லை. அவர் கலியாணம் முடித்துக் குடியேறியிருப்பது அந்த மாமியின் வீட்டில். ஒரே கூரைக்குள் இருப்பவர்களுக்கு இடையே அந்த ஒதுக்கம்தான் மரியாதை.

மட்டக்களப்புக்குப் போகிறவரைப் "பாயோட ஒட்டவெச்சிருவாங்க" என்று வெளிமாவட்டத்தார் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழர் எல்லாரும் கேட்டிருக்கும் பகிடி இது. உத்தியோகத்துக்கு வந்தவர் இங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிடுகிறார், மந்திரம் செய்துவிட்டார்கள் என்பது அதன் குத்து. மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பதும், வீடு வளவு மகளுக்கே சீதனமாகப் போவதும் இங்கே வழக்கம் என்பது தெரிந்தவருக்கு அதில் மந்திரம் எதுவும் தெரியாது. மட்டக்களப்பார் இதைக் கேட்டுக் கோபிப்பதைவிட, "ஒட்டினவங்க ஒருத்தரும் கழட்டச் சொல்லிக் கேக்கல்லியே" என்று திருப்பிவிடுவதுதான் அதிகம். பதில் இருப்பதால் அது பகிடியாக நிற்கிறது. இதையே மட்டக்களப்பிலிருந்து வெளிமாவட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு மருமகளின் முகத்துக்கு நேரே, அவள் கணவன் வீட்டார் கூடியிருக்கும் இடத்தில் சொன்னால் அவளுக்குப் பதில் இல்லை. சொல் அதுவே, இடம்தான் மாறிவிட்டது.

ஊர் முழுவதும் சேர்ந்து ஒருவரையொருவர் ஏசுவதற்கும் இங்கே காலமும் களமும் இருந்தது. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். இரு கொம்புகளையும் கொளுவி இழுத்து, எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோல்வி. அப்போது எதிர்ப்பக்கத்தாரை வசைபாடுவது முறை. கணவன் பக்கமும் மனைவி பக்கமும் ஏசிக்கொள்வது என்பது மச்சான் மச்சாள் பகிடியையே ஊரளவுக்குப் பெருப்பித்தது. விளையாட்டு முடிந்ததும் வசையும் முடிந்துவிடும். களத்துக்கு வெளியே எடுத்துப்போனால் அது வேறு பெயர் பெறும்.

இனி ஒரு பகிடி எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்ப்போம். இது கற்றுக்கொள்ளக்கூடிய கைவேலை. எடுத்துக்காட்டுக்காக நான் கட்டியவை கீழே.

மீன் வாங்க வந்த பெண் கேட்கிறார்: "என்ன தம்பி, மீனுக்குக் கண் சிவந்து போய்க் கிடக்கு?" விற்பவர் சொல்கிறார்: "ராவு முழுக்கப் பாட்டுப் படிச்சது அக்கா, நித்திரை இல்ல." கண் சிவந்து குழிவிழுந்தால் மீன் பழசு என்பது இருவருக்கும் தெரியும். விற்பவர் அதை மறுக்கவில்லை. நிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்ற, மட்டக்களப்பார் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைக் கொண்டுவந்து, அதே சிவப்புக்கு இன்னொரு காரணம் சொல்கிறார். பகிடியின் எலும்பு இதுதான்: கேள்வியில் இருக்கும் ஒரு பொருளை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அதன் காரணத்தை மட்டும் மாற்றுவது. 'அக்கா' என்ற விளியை விட்டால் ஆறே சொல். சிரிப்பு வரும் செய்தி கடைசி இரண்டு சொல்லில் இருக்கிறது. "நித்திரை இல்ல அக்கா, ஏனெண்டா ராவு முழுக்கப் பாட்டுப் படிச்சது" என்று திருப்பிப் போட்டால் பாதி போய்விடும். கேட்பவர் தானாகச் சேர்த்துப் பார்க்க வேண்டிய இணைப்பை 'ஏனெண்டா' பறித்துக்கொள்கிறது. அந்தப் பெண்ணுக்கும் பதில் இருக்கிறது: "அப்ப அது நித்திரை கொள்ளட்டும், வேற மீன் தாங்க."

இன்னொன்று. மாமன் தேத்தண்ணியைக் குடித்துப் பார்த்துவிட்டு: "மருமகள், சீனி போட்டயா, சீனிப் போத்தலக் காட்டிப்போட்டுக் கொண்டு வந்தயா?" அவள்: "காட்டித்தான் மாமா கொண்டு வந்தன். உங்களுக்குச் சீனி வருத்தமெண்டு மாமி சொன்னா." இங்கே பதிலின் வலிமை ஒப்புக்கொள்வதில் இருக்கிறது. "இல்ல மாமா, ரெண்டு கரண்டி போட்டன்" என்று மறுத்தால் அது வழக்காடல். குற்றச்சாட்டை அப்படியே ஏற்று, அதற்கு மாமனின் பக்கத்திலிருந்தே ஒரு நியாயம் எடுத்துக் கொடுக்கிறாள். மரியாதையும் குறையவில்லை. மாமா என்ற விளி இருக்கிறது, 'நீங்கள்' என்ற பன்மையும் மாறவில்லை.

மூன்றாவது கொஞ்சம் காரம். சூடு அடித்து (நெற்கதிரை அடித்து) முடிந்த பிறகு களவெட்டிக்கு, அதாவது நெற்களத்துக்கு, வந்து சேர்ந்த மச்சானிடம் ஒருவர்: "வாங்க மச்சான், நெல்லு ஏத்தியாச்சு. வைக்கல் இரிக்கி, கொண்டு போறீங்களா?" வந்தவர்: "அது உங்களுக்கே இரிக்கட்டும் மச்சான், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆகும்." மாடு என்ற சொல் எங்கும் வரவில்லை, ஆனால் களத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டுவிட்டது. சொல்லாமல் விட்ட சொல்லே வேலை செய்கிறது. இதை ஒரு கூலியாளைப் பார்த்து வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் சொன்னால் பகிடி இல்லை. கூலியாள் அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல முடியாது.

சொல் விளையாட்டுக்கு வந்தால் அதற்குச் சிலேடை என்ற பெயர் இருக்கிறது. தண்டியலங்காரம் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று பிரிக்கும். சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவது முதலாவது. மட்டக்களப்புக்கே உரிய செம்மொழிச் சிலேடை ஒன்று 'போடி'. வயற்காரப் பெரியவரைக் குறிக்கும் போடியும், பெண்ணைப் பார்த்துச் சொல்லும் 'போடி'யும் ஒரே எழுத்து. கணவன் கோபத்தில் "போடி!" என்கிறான். "நான் போடி இல்ல, போடிர மகள்" என்கிறாள் மனைவி, அதாவது போடியாரின் மகள். வீடும் வயலும் யார் பக்கத்திலிருந்து வந்தவை என்பதும் அந்த ஐந்து சொல்லுக்குள் வந்துவிடுகிறது. சொல்லைப் பிரித்து இரு பொருள் காணும் பிரிமொழிக்கு, பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை எடுக்கலாம். பெருநாளன்று விருந்துக்கு அழைத்த முஸ்லிம் நண்பர், "எங்கட மார்க்கத்தில வட்டி இல்ல, அப்பம் மட்டும்தான், சாப்பிடுங்க" என்கிறார். வட்டில் என்ற பாத்திரப் பெயரை வட்டி, இல் என்று பிரித்திருக்கிறார். இலக்கணப்படி பார்த்தால் வட்டி + இல் என்பது வட்டியில் என்றே புணரும். ஆனால் கதையின் வேகத்தில் காது அதை மன்னித்துவிடும். எழுதினால் கண் மன்னிக்காது. பேச்சில் வெடிக்கும் பல சிலேடைகள் அச்சில் புஸ்ஸென்று போவதற்கு இது ஒரு காரணம். இந்தச் சிலேடையை விருந்து கொடுப்பவர் சொல்வதுதான் அழகு. தன் சமயத்தைப் பற்றிய பகிடியை அந்தச் சமயத்தவரே தொடங்க வேண்டும் என்பது தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இந்தக் கரையில் நல்ல விதி.

பகிடி தவறிப்போகும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். சிரிப்பு வராதபோது சொன்னவர் அதைத் திருப்பிச் சொல்வார், பிறகு விளக்குவார். ஒருமுறை விழுந்ததை விட்டுவிட வேண்டும். உடல் நிறம், ஊனம், சாதி, வறுமை, பிள்ளை இல்லாமை, சீதனம் போதாமை இவை எதிலும் பகிடி எடுக்கக்கூடாது. இவற்றில் எதையும் கேட்பவர் மாற்ற முடியாது, ஆகவே பதிலும் சொல்ல முடியாது. பிந்தி வந்தது, சீனி குறைந்தது, மீன் பழசானது போன்றவை நாளைக்கு மாறக்கூடியவை. நல்ல பகிடிகள் எல்லாம் அந்த வகையிலேயே பிறக்கின்றன.

தொலைபேசிக் குழுக்களில் பகிடி கெடுவது இன்னொரு வகை. எங்கள் பேச்சில் "என்ன மனே", "சொல்லுகா" என்று வரும் விளிகளும் இழுப்பும்தான் இது பகிடி என்று காட்டிக்கொடுப்பவை. எழுத்தில் அவை விழுந்துவிடும். சிரிக்கும் முகப்படம் ஒன்றை ஒட்டினால் சரியாகிவிடாது, நக்கலுக்கும் அதையே ஒட்டுகிறார்கள். விளியைத் தொடக்கத்திலேயே எழுதுவது நல்லது: "மச்சான்," என்று தொடங்கிய வரியைப் படிப்பவர் அந்தக் குரலிலேயே படிப்பார். இன்னும் நல்லது குரலிலேயே பதிந்து அனுப்புவது. ஒருவரோடு விட வேண்டிய பகிடியை நூறு பேர் உள்ள குழுவில் போட்டால், பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர், பார்த்துச் சிரிப்பவர் தொண்ணூற்றெட்டுப் பேர். 'ஓடு' அங்கே 'ஐ' ஆகிவிடுகிறது.

அதன் கடைக்கோடிதான் பகிடிவதை. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகள் இந்தச் சொல்லை நன்றாக அறியும். பகிடியும் வதையும் ஒரே சொல்லில் சேர்ந்து நிற்பது பலருக்கு உறுத்தலாக இருக்கிறது. எனக்கு அது மிகச் சரியான சொல்லாகவே படுகிறது. பகிடி என்ற பெயரில் நடக்கும் வதை என்று விரித்தால் பொருள் தெளிவு. "புதுமுக மாணவரைப் பகிடிவதை செய்தனர்" என்போம், "மாணவரோடு பகிடிவதை செய்தனர்" என்று யாரும் சொல்வதில்லை. மூத்தவர் கேட்க, புதியவர் பதில் சொல்லக்கூடாது என்பதே அங்கே விதி. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையில் இது குற்றம். 2 ஆண்டு வரை கடூழியச் சிறை விதிக்கலாம். பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ சேர்ந்தால் 10 ஆண்டு வரை போகலாம். "பகிடிக்குச் செய்தோம்" என்பது அங்கே சமாதானம் ஆகாது. பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நீண்ட விளக்கம் வேண்டாம், அந்த இரண்டு உருபுகளையும் காட்டினால் போதும்.

மூன்றாவது கேள்வி, பழந்தமிழ்ச் சொல். உண்டு, அழகான சொல். தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடை வகை நான்கைச் சொல்லும்போது ஒன்றைப் "பொருளொடு புணர்ந்த நகைமொழி" என்கிறது. வெறும் சிரிப்பாக இல்லாமல், உள்ளே ஒரு பொருளையும் வைத்துக்கொண்டிருக்கும் பேச்சு. சமயத்துக்கு ஏற்ற சாதுரியமான ஒரு வரிக்கு 'நகைமொழி'யைவிடப் பொருத்தமான சொல் தமிழில் எனக்குத் தெரியவில்லை. அதே செய்யுளியல் அங்கதத்தையும் வகுக்கிறது. நேரே ஏசுவது செம்பொருள் அங்கதம், அது வசை. மறைத்து ஏசுவது பழிகரப்பு. இன்றைய நளினம் பழிகரப்பின் பேத்தி என்று சொல்லலாம். நகைச்சுவை என்பது சுவையின் பெயர், ஒரு தனி வாக்கியத்தைக் குறிக்க அது பெரிதாக இருக்கும். விகடம் கொஞ்சம் மேடைத்தன்மை உள்ளது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் நாடக இலக்கணம் எழுதியபோது, பழைய சுவைப் பெயர்களை எடுத்து மேனாட்டு நாடகத்தைத் தமிழில் விளக்கிக் காட்டினார். பழைய சொல் இன்றைய வேலைக்கு உதவும் என்பதற்கு எங்கள் பக்கத்தவரான அவர் காட்டிய சாட்சி அது.

ஆனால் தாத்தாவின் கட்டுரையில் பகிடியை எடுத்துவிட்டு நகைமொழியை வைக்கச் சொல்லமாட்டேன். "தாத்தா எல்லாரோடும் நகைமொழி பேசுவார்" என்றால் அவர் மேடையில் ஏறிவிடுவார், முற்றத்தில் இருக்கமாட்டார். வாக்கியம் இப்படியே இருக்கட்டும்: தாத்தா எல்லாரோடும் பகிடி விடுவார். அதற்கு அடுத்த வரியில் அவர் சொன்ன பகிடி ஒன்றைப் பிள்ளை எழுத வேண்டும். மேற்கோள் குறிக்குள் அவர் பேசியபடியே 'இரிக்கி' என்றும் 'மனே' என்றும் வரலாம், குறிக்கு வெளியே எழுத்து வழக்கு. அதற்கும் அடுத்த வரியில், அதைக் கேட்டவர் திருப்பிச் சொன்ன பதிலையும் அவள் எழுதட்டும். பகிடிக்குப் பக்கத்தில் பதிலும் தாளில் இருந்தால், அது எந்தச் சொல் என்று ஆசிரியைக்கு வேறு விளக்கம் எழுதத் தேவையில்லை.